அணுமின் நிலைய வால்வுகள்: பிரிக்காமலே தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

2010 அக்டோபரில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் முதல் அலகை எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். உலை நின்ற பிறகும் எரிபொருளிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதை எடுப்பதற்குத் தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். அந்தப் பாதையில் இருந்த ஒரு வால்வைத் திறக்க முயன்றபோது தண்ணீர் போகவில்லை. உள்ளே தண்ணீரை அடைக்கும் டிஸ்க், தண்டிலிருந்து பிரிந்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. மோட்டார் ஓடியது, தண்டு ஏறி இறங்கியது, டிஸ்க் மட்டும் கூட வரவில்லை.

அன்று குளிர்விக்க வேறொரு பாதை இருந்தது. ஆனால் விபத்து நேர்ந்தால் உலைக்குத் தண்ணீர் செலுத்த வேண்டிய பாதையிலும் இதே வால்வுதான் நின்றது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2011ல் இந்தக் குறைபாட்டைச் ‘சிவப்பு’ என்று வகைப்படுத்தியது. அவர்களுடைய அளவுகோலில் அதற்கு மேல் கடுமையான நிறம் கிடையாது.

ஒரு வால்வு நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அணுமின் நிலையப் பராமரிப்பில் நாற்பது ஆண்டுகளாகப் பலரும் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. அதற்குக் கிடைத்த பதில்களைப் பார்ப்பதற்கு முன், வால்வின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக் குழாய் தெரியும் அல்லவா? கைப்பிடியைத் திருகினால் தண்டு இறங்கி, அடியில் உள்ள வாஷர் துளையை அடைக்கிறது. வாஷர் தேய்ந்தால் சொட்டுகிறது, தண்டைச் சுற்றியுள்ள கயிறு தளர்ந்தால் கழுத்தில் கசிகிறது. அணுமின் நிலையத்தின் பெரிய வால்விலும் ஏறக்குறைய இதே உறுப்புகள்தான். அடைக்கும் பகுதி டிஸ்க், அது போய் உட்காரும் வளையம் சீட், டிஸ்க்கை நகர்த்துவது தண்டு, தண்டின் கழுத்தில் கசிவைத் தடுப்பது கிளாண்ட் பேக்கிங். கைப்பிடிக்குப் பதிலாக மேலே ஓர் ஆக்சுவேட்டர் உட்கார்ந்திருக்கும். அது மின் மோட்டாராக இருக்கலாம், காற்றழுத்தத்தில் வேலை செய்யும் டயாஃபிரமாக இருக்கலாம், சிறிய வால்வு என்றால் மின்காந்தச் சுருளான சோலனாய்டாக இருக்கலாம். எந்த ஆக்சுவேட்டரும் இல்லாமல், தண்ணீரின் ஓட்டத்தாலேயே திறந்து, ஓட்டம் திரும்பினால் தானே மூடிக்கொள்ளும் செக் வால்வுகளும் ஏராளம்.

ஒரு நிலையத்தில் இப்படி ஆயிரக்கணக்கான வால்வுகள் உண்டு. வேறுபாடு அவை இருக்கும் சூழலிலும் செய்ய வேண்டிய வேலையிலும் இருக்கிறது. அழுத்த நீர் உலையின் முதன்மைச் சுற்றில் தண்ணீர் சுமார் 155 பார் அழுத்தத்தில், 300 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடுகிறது. சுற்றிலும் கதிரியக்கம். இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு: பாதுகாப்புக்கு மிக முக்கியமான வால்வுகள் பெரும்பாலும் வேலையே செய்வதில்லை. திறந்தோ மூடியோ ஒரே நிலையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்காக அசைத்தால்கூட, 40 ஆண்டில் மொத்தம் 160 முறைதான் அசைந்திருக்கும். அவற்றை உண்மையாகவே கூப்பிடும் நாள் ஒன்று வந்தால், அன்று முதல் முயற்சியிலேயே, முழு அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் எதிராக அசைய வேண்டும்.

அசையாமல் நின்றால் தேயாது என்று தோன்றும். தேய்மானம் குறைவு என்பது சரிதான், மூப்பு குறைவதில்லை. தண்டின் மரையில் தடவிய கிரீஸ் வெப்பத்தில் காய்ந்து இறுகிவிடும். கிளாண்ட் பேக்கிங் காலப்போக்கில் தண்டைக் கவ்விக்கொள்ளும், அல்லது சுருங்கிக் கசியவிடும். டயாஃபிரமும் ஓ-ரிங்குகளும் ரப்பர் வகைகள். வெப்பத்திலும் கதிரியக்கத்திலும் அவை விறைத்து வெடிப்பு விடும். எப்போதும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் சோலனாய்டுச் சுருள் தன் சூட்டிலேயே காப்புறையை மெல்ல வறுத்துக்கொண்டிருக்கும். சில ஆக்சுவேட்டர் மோட்டார்களின் சுழலும் பகுதியான ரோட்டாரில் மெக்னீசியக் கலவை இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது அரித்துப் பொடிந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் மோட்டார் பளபளப்பாகத்தான் தெரியும்.

ஓடும் வால்வுகளுக்கு வேறு வகைத் துன்பம். மூடியும் மூடாமலும் இருக்கும் சீட்டின் வழியே உயர் அழுத்தத் தண்ணீர் நூல்போலப் பீய்ச்சினால், அந்த இடத்தில் உலோகத்தைக் கத்தியால் கீறியதுபோல ஒரு பள்ளம் விழும். அப்புறம் எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்தப் பள்ளம் வழியே தண்ணீர் கசிவது, அதாவது ‘பாஸிங்’, நிற்காது. ஓட்டம் போதாமல் பாதி திறந்த நிலையில் ஆடிக்கொண்டே இருக்கும் செக் வால்வின் டிஸ்க், தன்னைத் தாங்கும் கீல் ஊசியை ஓயாமல் அராவிக்கொண்டிருக்கும்.

இன்னும் இரண்டு கோளாறுகளில் எதுவும் தேய்வதில்லை, ஆனாலும் வால்வு திறக்காது. டிஸ்க் ஒரு கதவுபோலக் குறுக்கே இறங்கி அடைக்கும் கேட் வால்வுகள் சிலவற்றின் மேல் அறையில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். சுற்றுப்புறம் சூடேறினால் சிக்கிய தண்ணீரின் அழுத்தம் ஏறி, டிஸ்க்கை இரண்டு பக்கமும் சீட்டோடு அழுத்தி வைத்துவிடும். இது அழுத்தப் பூட்டு. சூடாக இருக்கும்போது ஆப்பு வடிவ டிஸ்க்கை இறுக்கி மூடிவிட்டு, பிறகு ஆறவிட்டால், உடலும் டிஸ்க்கும் வெவ்வேறு அளவில் சுருங்கி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இது வெப்பப் பிடிப்பு. எந்தச் சென்சாரும் இவற்றை முன்கூட்டிச் சொல்லாது. வடிவமைப்பைப் பார்த்து, எந்த வால்வுக்கு இது நேரக்கூடும் என்று கணக்கிட்டுத்தான் தடுக்க முடியும். கண்காணிப்பால் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்ற நினைப்புக்கு இது ஒரு நல்ல எல்லைக்கோடு.

நேரம் பார்க்கும் சோதனையின் குறை

நீண்டகாலமாக வால்வுச் சோதனை என்றாலே நேரம் பார்ப்பதுதான். பொத்தானை அழுத்து, விளக்கு மாறும் வரை எத்தனை விநாடி ஆகிறது என்று எழுது, வரம்புக்குள் இருந்தால் தேறியது. எளிது, மலிவு, பிரிக்கவும் வேண்டாம். ஆனால் மாறுமின் மோட்டாரால் இயங்கும் வால்வில் இந்தச் சோதனையால் தெரிந்துகொள்ள முடிவது மிகக் குறைவு. காரணம் மோட்டாரின் இயல்பிலேயே இருக்கிறது. தூண்டல் மோட்டாரின் வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண். சுமை இரண்டு மடங்கானாலும் வேகம் சிறிதுதான் குறையும். கிரீஸ் காய்ந்து, பேக்கிங் இறுகி, மோட்டார் தன் வலிமையின் விளிம்பில் திணறிக்கொண்டிருக்கும்போதுகூட வால்வு ஏறக்குறைய அதே விநாடிகளில் திறந்து காட்டும். விளிம்பைத் தாண்டும் நாளில் ஒரேயடியாக நின்றுவிடும். நேர் மின்னோட்ட மோட்டார்கள் சுமை ஏற ஏற மெதுவாகும் என்பதால், அவற்றில் நேரச் சோதனைக்குக் கொஞ்சம் பொருள் உண்டு.

அதனால்தான் ‘திறந்ததா’ என்பதைவிட ‘எவ்வளவு தெம்பு மிச்சம் வைத்துத் திறந்தது’ என்ற கேள்வி முக்கியமாகிறது. ஆக்சுவேட்டரால் கொடுக்க முடிந்த விசைக்கும் வால்வு கேட்கும் விசைக்கும் உள்ள இடைவெளியை விளிம்பு மிச்சம் என்று சொல்லலாம். மூப்பு என்பது இந்த மிச்சம் கரைவது. கண்காணிப்பு என்பது கரையும் வேகத்தை அளப்பது. இந்தத் துறையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கருத்து பிடிபட்டால் போதும் என்பது என் எண்ணம்.

இந்தக் கேள்வியைத் துறை முழுவதையும் கேட்கவைத்தது 1985 ஜூன் 9ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நடந்த நிகழ்வு. நீராவி உற்பத்திக்கலன்களுக்குப் போகும் தண்ணீர் நின்றுபோனது. பதற்றத்தில் துணை ஊட்டுநீர் வால்வுகளும் தவறுதலாக மூடப்பட்டன. மீண்டும் திறக்க முயன்றபோது அவை திறக்கவில்லை. ஊழியர்கள் நேரில் போய்க் கையால் திருகித் திறக்க வேண்டியதாயிற்று.

ஏன் திறக்கவில்லை? இந்த ஆக்சுவேட்டர்களில் டார்க் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. முறுக்குவிசை அளவு மீறினால் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மூடியிருக்கும் டிஸ்க்கைச் சீட்டிலிருந்து பெயர்க்கும் கணத்தில் விசை இயல்பாகவே அதிகம் தேவை என்பதால், அந்தச் சில கணங்களுக்கு இந்தச் சுவிட்சைக் கடந்து மின்சாரம் போகும்படி ஒரு மாற்றுவழி வைத்திருப்பார்கள். அந்த மாற்றுவழியின் காலம் போதாதபடி அமைக்கப்பட்டிருந்தது. டிஸ்க்கின் இருபுறமும் அழுத்த வேறுபாடு பெரிதாக இருந்த அன்று, பெயர்ப்பு முடிவதற்குள் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிட்டது. வழக்கமான சோதனைகளில் அவ்வளவு அழுத்த வேறுபாடு இருக்காது, அதனால் குறை வெளியே வரவே இல்லை.

இதைத் தொடர்ந்து அமெரிக்க ஆணையம் முதலில் 85-03 என்ற அறிக்கையையும், 1989 ஜூனில் 89-10 என்ற பொதுக் கடிதத்தையும் அனுப்பியது. பாதுகாப்பு சார்ந்த மோட்டார் வால்வுகள் எல்லாம் உண்மையான அழுத்தத்திலும் ஓட்டத்திலும் வேலை செய்யும் என்று நிரூபிக்கச் சொன்னது அந்தக் கடிதம். 1996ல் வந்த 96-05 கடிதம், ஒரு முறை நிரூபித்தால் போதாது, மூப்பைக் கணக்கில் எடுத்துக் காலாகாலத்தில் மறுபடி காட்ட வேண்டும் என்றது. இதே காலகட்டத்தில் ஐடஹோ தேசியப் பொறியியல் ஆய்வகம் பெரிய கேட் வால்வுகளை முழு ஓட்டத்தில் மூடிப் பார்த்தது. அழுத்த வேறுபாட்டுக்கு எதிராக டிஸ்க்கை நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட உதவும் எண் டிஸ்க் காரணி. வழக்கமாக 0.3 என்று வைத்துக்கொண்ட அந்தக் காரணி பல வால்வுகளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. அதாவது, சில வால்வுகள் புதிதாக இருந்த நாளிலேயே நாம் நினைத்த அளவு மிச்சம் அவற்றிடம் இருந்திருக்கவில்லை.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. சீட்டிலும் டிஸ்க்கிலும் பூசியிருக்கும் ஸ்டெல்லைட் என்ற கடின உலோகத்தின் உராய்வு, புதிதாக மெருகேற்றிய நிலையில் குறைவாக இருக்கும். சூடான நீரில் கிடந்து, சில முறை அசைந்த பிறகு ஏறி, ஒரு மட்டத்தில் நிற்கும். ஆகவே வால்வைப் பிரித்துச் சரிசெய்து பூட்டிய மறுநாள் அளந்த விசை, அதன் வாழ்நாளிலேயே அழகான எண்ணாக இருக்கும். அதை நம்பி மிச்சத்தைக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான்.

மோட்டாரையே சென்சாராக்கிய யோசனை

சரி, விசையை எப்படி அளப்பது? நேரடி வழி, தண்டிலோ, ஆக்சுவேட்டரைத் தாங்கும் சட்டமான நுகத்தடியிலோ, உலோகம் எவ்வளவு நெளிகிறது என்று அளக்கும் திரிபுமானியை ஒட்டி விசையைப் படிப்பது. இன்னொரு வழி, ஆக்சுவேட்டரின் உள்ளே இருக்கும் சுருள்வில் அடுக்கு எவ்வளவு அழுந்துகிறது என்று பார்ப்பது. மோட்டார் சுழற்றும் வார்ம் திருகு, சுமை ஏறும்போது அச்சுவாக்கில் நகர்ந்து இந்த வில்லை அழுத்தும். டார்க் சுவிட்சைத் தட்டுவதும் இந்த நகர்வுதான். இரண்டு முறைகளும் நல்ல தகவல் தரும். ஆனால் இரண்டுக்கும் ஆள் வால்வு இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். அந்த இடம் கதிரியக்கப் பகுதியாக இருந்தால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் உடலில் ஏறும் கதிர்வீச்சை எண்ணித்தான் ஆளை அனுப்ப முடியும்.

1980களில் டென்னசியின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், அணுமின் நிலைய மூப்பு ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் வேறொரு வழியைக் கண்டது. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை மட்டும் கவனித்தால் போதும் என்பது அந்த யோசனை. சுமை ஏறினால் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். சுமையில் ஏற்படும் மிகச் சிறிய நடுக்கம்கூட மின்னோட்டத்தில் சிறிய அலையாகப் பதியும். மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை தொலைவில், பாதுகாப்பான அறையில் இருக்கும். அங்கே கம்பியைச் சுற்றி ஒரு கிளாம்ப் மீட்டரை மாட்டினால், வால்வைத் தொடாமலே அதன் உள்ளே நடப்பதைப் படிக்கலாம். இதற்கு மின்னோட்டக் கையொப்பப் பகுப்பாய்வு என்று பெயர். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான். புதிதாக எதையும் பொருத்தவில்லை, ஏற்கெனவே அங்கே இருந்த மோட்டாரையே பேசவைத்தார்கள்.

வால்வு ஒரு முறை திறக்கும்போது பதியும் மின்னோட்டக் கோட்டை இடமிருந்து வலமாக மெதுவாகப் படித்துப் பார்ப்போம். முதலில் மோட்டார் கிளம்பும்போது ஒரு பெரிய பாய்ச்சல். அடுத்து ஒரு நொடிப்பொழுது சுமையில்லாத ஓட்டம், ஏனென்றால் பல ஆக்சுவேட்டர்களில் கியருக்கும் தண்டை ஓட்டும் குழலுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். மோட்டார் வேகம் பிடித்த பிறகு சுத்தியல் அடிபோல அந்த இடைவெளி மூடும், கோட்டில் ஒரு சிறிய முள் தெரியும். பிறகு தண்டு மரையின் இடைவெளி மூடும். அப்புறம் டிஸ்க் சீட்டிலிருந்து பெயரும் மேடு. அதன் பின் நீண்ட சமவெளி, பேக்கிங்கின் உராய்வும் தண்டின் உராய்வும் மட்டும் சுமையாக இருக்கும் பகுதி. கடைசியில், பயணத்தின் எல்லையில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்க, கோடு சுழியத்துக்கு விழும்.

ஒவ்வொரு பகுதியும் ஓர் உறுப்பின் கதை. சமவெளியின் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் பேக்கிங் இறுகுகிறது, அல்லது கிரீஸ் காய்கிறது. பெயர்ப்பு மேடு வளர்ந்தால் டிஸ்க் சீட்டில் அதிகம் கவ்விக்கொள்கிறது. சுத்தியல் அடி விழுவதற்கும் தண்டு அசையத் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள நேரம் நீண்டால், தண்டைத் தூக்கும் வெண்கல நட்டின் மரை தேய்கிறது. அந்த மரை முழுவதும் தேய்ந்து அறுந்தால் மோட்டார் ஓடும், தண்டு அசையாது. அந்த நாள் வருவதற்கு வெகு முன்னாலேயே இந்த நேர நீட்சி காட்டிக்கொடுத்துவிடும்.

இதே மின்னோட்டத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: மோட்டார் விநாடிக்கு 24 சுற்று. முதல் கியர் அதைப் பாதியாக்கி வார்ம் திருகை 12 சுற்று சுற்றவைக்கிறது. திருகு ஒரு சுற்றுக்கு வார்ம் கியரின் ஒரு பல்லைத் தள்ளும், ஆக 12 ஹெர்ட்ஸில் பல் கடிக்கும் அலை தெரியும். கியருக்கு 40 பல் என்றால் அது ஒரு முறை சுற்ற சுமார் 3.3 விநாடி ஆகும். இப்போது, ஒவ்வொரு 3.3 விநாடிக்கும் ஒரு சிறு துடிப்பு தவறாமல் வந்தால், 40 பல்லில் ஒன்று அடிபட்டிருக்கலாம் என்று அறையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். 24 ஹெர்ட்ஸில் அலை பெரிதானால் கோளாறு மோட்டார் தண்டின் பக்கம்.

ஆனால் பிரௌன்ஸ் ஃபெர்ரியில் நடந்ததுபோல டிஸ்க் கழன்றிருந்தால்? கூர்ந்து பார்ப்பவருக்குக் கோட்டில் தடயம் இருக்கக்கூடும். பெயர்ப்பு மேடு காணாமல் போயிருக்கும், அல்லது சுருங்கியிருக்கும். மேடு குறைந்ததைப் பார்த்து வால்வு இலகுவாகிவிட்டது என்று மகிழ்பவரும் இருக்கலாம், சந்தேகப்படுபவரும் இருக்கலாம். மின்னோட்டத்தோடு கீழ்ப்பக்க அழுத்தத்தையோ ஓட்டத்தையோ சேர்த்துப் பார்த்தால்தான் டிஸ்க் உண்மையிலேயே நகர்ந்தது என்று உறுதி சொல்ல முடியும். 2017ல் இல்லினாய் மாநிலத்தின் லாசால் நிலையத்திலும் ஒரு வால்வின் தண்டும் டிஸ்க்கும் பிரிந்தன. அந்த வகை வால்வுகளில் தண்டு தன் அச்சில் திரும்புகிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல சோதனை. இணைப்பு ஊசி உடைந்திருந்தால், திரும்பக் கூடாத தண்டு லேசாகத் திரும்பும்.

செக் வால்வுக்குக் காது வேண்டும்

செக் வால்வில் மோட்டாரும் இல்லை, வெளியே தெரியும் தண்டும் பெரும்பாலும் இல்லை. ஒரு இரும்புப் பானைக்குள் ஒரு தட்டு தொங்குகிறது, அவ்வளவுதான். அது கழன்று விழுந்தால்கூட முன்னோக்கிய ஓட்டம் பாதிக்கப்படாமல் போகலாம். 1985 நவம்பர் 21 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே முதல் அலகில் ஊட்டுநீர்ப் பாதையின் ஐந்து செக் வால்வுகள் ஒரே நேரத்தில் தங்கள் வேலையைச் செய்யத் தவறின. தண்ணீர் பின்னோக்கி ஓடி, குழாயில் நீராவி புகுந்து, வாட்டர் ஹாமர் எனப்படும் கடுமையான நீர் மோதல் ஏற்பட்டுக் குழாய் சேதமடைந்தது. ஐந்தும் ஒரே நாளில் பழுதானவை அல்ல. மெல்ல மெல்லக் கெட்டிருந்தவற்றை அந்த நாள் ஒன்றாக வெளிக்கொண்டுவந்தது.

இவற்றுக்கு ஒலிதான் வழி. வால்வின் உடலில் அதிர்வை உணரும் முடுக்கமானி ஒன்றை ஒட்டினால், தட்டு மூடும்போது சீட்டில் விழும் ஒற்றைத் தட்டல் கேட்கும். தட்டல் கேட்கவில்லை என்றால் மூடவில்லை, அல்லது தட்டே இல்லை. ஓட்டத்தின்போது ஒழுங்கில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால் தட்டு ஆடுகிறது, கீல் ஊசி தேய்கிறது. மூடிய பிறகும் சீறல் கேட்டால் பாஸிங். ஒலியால் தட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்ல முடியாது என்பதால், மீயொலி அலையை உள்ளே அனுப்பித் தட்டின் கோணத்தைப் பார்க்கிறார்கள். ஓக் ரிட்ஜ் ஆய்வகம் இதற்கும் ஒரு வழி செய்தது. தட்டின் கையில் ஒரு நிலைக்காந்தத்தைப் பொருத்தி, வெளியிலிருந்து காந்தப்புலத்தின் மாற்றத்தை அளந்தால் தட்டின் ஒவ்வொரு அசைவும் தெரியும். காந்தத்தை வைக்க ஒரு முறை வால்வைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் குறை.

சோலனாய்டு வால்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 விழுக்காடு ஏறும். சுருளின் தடையை அளந்தால் அதன் வெப்பநிலை தெரிந்துவிடும். 20 டிகிரியில் 100 ஓம் இருந்த சுருள் 139 ஓம் காட்டினால் அது 120 டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறது, காப்புறையின் ஆயுளைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். காற்றழுத்த வால்வில் டயாஃபிரத்துக்குக் கொடுக்கும் அழுத்தத்தையும் தண்டின் நகர்வையும் எதிரெதிரே வரைந்தால், ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் உள்ள அகலம் உராய்வைச் சொல்லும். அங்கே பெரிய எதிரி காற்றில் உள்ள ஈரமும் தூசியும் எண்ணெயும்தான்.

விளக்கு சொல்வதும் வால்வு செய்வதும்

1979 மார்ச் 28. பென்சில்வேனியாவின் த்ரீ மைல் தீவு, இரண்டாம் அலகு. அழுத்தம் ஏறியதால் ஒரு ரிலீஃப் வால்வு திறந்தது, அழுத்தம் இறங்கியதும் மூட வேண்டியது மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டும்தான். மூடச் சொன்ன கட்டளையை, மூடிவிட்டதற்கான சான்றாக ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வால்வு வழியே குளிர்விப்பு நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறியது. அதே பாதையில் இருந்த தடுப்பு வால்வை மூடும் வரை நிற்கவில்லை. உலையின் மையம் பகுதியளவில் உருகியது.

அந்த விபத்துக்குப் பிறகு, ரிலீஃப் வால்வுகளும் பாதுகாப்பு வால்வுகளும் உண்மையில் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்று நேரடியாகக் காட்டும் கருவி வேண்டும் என்று விதித்தார்கள். பல இடங்களில் வெளியேற்றுக் குழாயில் ஒலி உணரிகளைப் பொருத்தினார்கள். ஒரு வால்வின் எந்தத் தகவலைப் பார்த்தாலும், இது கட்டளையா, தண்டின் அசைவா, தண்ணீரின் ஓட்டமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். மூன்றும் ஒன்றே என்று எடுத்துக்கொண்ட இடங்களில்தான் பெரிய நிகழ்வுகள் நடந்திருக்கின்றன.

கசிவைத் தனியாகவும் அளக்கிறார்கள். உலையைச் சுற்றியுள்ள அரண் கட்டடத்தின் சுவரைத் தாண்டும் குழாய்களில் இருக்கும் வால்வுகளை மூடி, இடையே காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று குறித்த கால இடைவெளியில் பார்ப்பது வழக்கம். அழுத்த நீர் உலைகளில் கிளாண்ட் கசிந்தால் தண்ணீரில் உள்ள போரிக் அமிலம் காய்ந்து வெள்ளைப் படிகமாகக் கழுத்தில் படியும். எந்தக் கருவியும் இல்லாமல் டார்ச் அடித்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சாதாரண எஃகை அது அரித்துவிடும் என்பதால் அந்த வெள்ளையை யாரும் அலட்சியம் செய்வதில்லை.

தேய்மானத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது வால்வோடு நிற்பதில்லை. ஸ்டெல்லைட்டில் பாதிக்கு மேல் கோபால்ட். சீட்டிலிருந்து உதிரும் நுண்துகள் தண்ணீரோடு உலைக்குள் போய், நியூட்ரானை வாங்கிக் கோபால்ட்-60 ஆகிறது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, வலுவான காமா கதிர் வீசும். திரும்பி வந்து குழாய்களின் உள்சுவரில் படிந்துவிட்டால், அடுத்த ஷட்டவுனில் அங்கே வேலை செய்ய வருபவர்கள்மேல் அந்தக் கதிர் விழும். வால்வுச் சீட்டுகளுக்குக் கோபால்ட் இல்லாத இரும்புக் கலவைகளைத் தேடியதற்கு இதுதான் காரணம். சீட்டின் ஆரோக்கியமும் தொழிலாளியின் ஆரோக்கியமும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருப்பதை எண்ணும்போது, ஒரு வால்வைத் தேவையில்லாமல் தேயவிடுவது எனக்கு வெறும் பராமரிப்புக் குறையாகத் தோன்றவில்லை.

பல நாடுகளில் 40 ஆண்டுக்கு உரிமம் பெற்ற உலைகளை 60 ஆண்டு, சில இடங்களில் 80 ஆண்டு ஓட்ட முனைகிறார்கள். அப்போது வால்வின் இரண்டு பாதிகளை வெவ்வேறாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அசையும் பகுதிகளை அசைத்துச் சோதிக்கலாம், மாற்றலாம். வால்வின் உடல் அசையாது, அது அழுத்தத்தைத் தாங்கும் சுவர். அமெரிக்க உரிமம் புதுப்பிப்பு விதிகளும் இப்படித்தான் பிரிக்கின்றன: உடல் நீண்டகால மூப்பு ஆய்வுக்குள் வரும், அசையும் பகுதிகள் அன்றாடப் பராமரிப்பு விதிகளுக்குள் வரும். வார்ப்பு எஃகால் ஆன சில உடல்கள் 300 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல பத்தாண்டுகள் இருக்கும்போது, உள்ளே உள்ள ஃபெரைட் என்ற பகுதி உடையும் தன்மை பெறுகிறது. எந்த மின்னோட்டக் கோட்டிலும் இது தெரியாது. வார்ப்பின் வேதிச் சேர்க்கையையும் ஃபெரைட் அளவையும் வைத்து, எந்த உடல் முறிவைத் தாங்கும் திறனை எவ்வளவு இழந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

இப்போது தொடர்ச்சியாகத் தரவு சேகரித்து, கணினியைக்கொண்டே மாற்றங்களைத் தேடும் முறைகள் பெருகிவருகின்றன. அவை உதவும், சந்தேகமில்லை. ஆனால் பாதுகாப்பு வால்வுகளில் ஒரு தொல்லை: ஆண்டுக்குச் சில அசைவுகள்தான் கிடைக்கும், உண்மையான பழுதுக்கான பதிவுகளோ அதைவிட அரிது. கோட்டில் வந்த மாற்றம் பேக்கிங்கை இறுக்கியதால் வந்ததா, அன்று மின்னழுத்தம் குறைந்ததால் வந்ததா, மரை தேய்ந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல, அந்த வால்வின் வரலாறு தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த வரலாற்றின் முதல் பக்கம் அடிப்படைப் பதிவு. வால்வைப் பிரித்துப் பூட்டியதும், பேக்கிங்கைத் தொட்டதும், டார்க் சுவிட்சை மாற்றி அமைத்ததும் பழைய ஒப்பீடு செல்லாது. மின்னோட்டமும் விசையும் புதிதாக எடுத்து, என்ன அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில், என்ன மின்னழுத்தத்தில் எடுத்தோம் என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவறவிட்டு வால்வைப் பணிக்குத் திருப்பிவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து எடுக்கும் அடுத்த கோட்டை எதனோடும் ஒப்பிட முடியாது. ஏறியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாமல், மறுபடி பிரித்துப் பார்ப்பது ஒன்றே வழியாகிவிடும்.